பத்து சென்ட் டயாப்பரும் ஓசிச் சலவையும்

பி.காம் படிக்கிறவனுக்கு டயாப்பரில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் வருகிற ஒரு சங்கதி இதற்குள் ஒளிந்திருக்கிறது. அங்கேதான் வரப்போகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் துணியைப் பற்றி.

டயாப்பர் என்பது முதலில் குழந்தைக்குக் கட்டுகிற சமாச்சாரத்தின் பெயரே இல்லை, ஒரு நெசவின் பெயர். சின்னச் சின்னச் சாய்சதுரக் கட்டங்கள் திரும்பத் திரும்ப வருகிற மாதிரி நெய்த துணிக்கு அப்படிப் பெயர். இங்கிலாந்தில் மேஜை விரிப்பு, கை துடைக்கிற துண்டு எல்லாம் அதில் செய்தார்கள். ஷேக்ஸ்பியரின் 'தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ' நாடகத்தில்கூட டயாப்பர் வருகிறது, கை கழுவினவருக்குத் துடைக்கக் கொடுக்கும் துண்டாக! அதே துணியைச் சதுரமாக வெட்டிக் குழந்தைகளுக்குக் கட்ட ஆரம்பித்ததும், பெயர் மேஜையை விட்டுவிட்டுக் குழந்தையைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் அதுவே நிலைத்தது. இங்கிலாந்திலோ 'நாப்கின்' சுருங்கி 'நாப்பி' ஆகிவிட்டது.

ஏன் அந்த நெசவு? சாதா நெசவில் பாவும் ஊடையும் ஒன்று விட்டு ஒன்று இறுக்கமாகப் பின்னிக்கொள்ளும். கட்ட நெசவில் நூல் அங்கங்கே இரண்டு மூன்று இழைகளைத் தாண்டிப் போகும். அந்த இடைவெளிகளில் ஈரம் தங்கும். இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனதுதான் நாம் டர்க்கி டவல் என்று சொல்கிற துணி. துருக்கியில் கையால் நெய்ததைப் பார்த்துவிட்டு இங்கிலாந்தின் கிறிஸ்டி நிறுவனம் அதை இயந்திரத்தில் நெய்து, 1851 லண்டன் பொருட்காட்சியில் வைத்தது. மேலெல்லாம் நூல் வளையங்கள் இருப்பதால் நன்றாக உறிஞ்சும். பிற்பாடு பிரிட்டிஷ் குழந்தைகள் பல தலைமுறைக்கு இந்த டெர்ரி நாப்பியில்தான் வளர்ந்தார்கள். ஒரே சிக்கல், சீக்கிரம் காயாது. லண்டன் மழையில் அது என்ன பாடுபடுத்தியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள் :-) அமெரிக்காவில் அதிகம் புழங்கிய மெல்லிய காஸ் துணி ஒரு மடிப்பில் அவ்வளவு தாங்காது, ஆனால் சட்டென்று உலரும். நிறைய உறிஞ்சினால் காய நேரமாகும். இந்த இழுபறி இன்றைக்கும் தீரவில்லை.

இன்னொரு விஷயம். புதுப் பருத்தித் துணி தண்ணீரை உறிஞ்சவே உறிஞ்சாது. பஞ்சு இழையின் மேல் இயற்கையாகவே மெழுகு இருக்கிறது, நெசவுக்கு முன் பாவுக்குப் போட்ட கஞ்சி வேறு. சூடான சோடாத் தண்ணீரில் வேகவைத்தோ, பல தடவை துவைத்தோதான் அது போகும். நம் வீடுகளில் குழந்தை பிறந்தால் பீரோவில் இருக்கும் பழைய வேட்டியைக் கிழிப்பதைச் சிக்கனம் என்றுதான் நினைத்திருந்தேன். உறிஞ்சும் சக்தியைப் பார்த்தாலும் அதுதான் சரியான தேர்வு.

ஆனால் வரலாற்றில் பெரிய செலவு துணி இல்லை, துவைப்பதுதான். 1921ல் குக் என்ற அமெரிக்க மருத்துவர், சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அமோனியாவாக மாற்றுவதுதான் குழந்தைகளின் தோல் வெந்துபோகக் காரணம் என்றார். ஆகவே சும்மா அலசிப் போட்டால் போதாது, கொதிக்க வைக்க வேண்டும். ஒரு குழந்தைக்கு நாளைக்குப் பத்துத் துணி என்று வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 300!

இந்த வேலையைக் குறைக்க வந்தவற்றில் முதலில் ஊக்கு. வால்டர் ஹன்ட் 1849ல் சேஃப்டி பின்னுக்குக் காப்புரிமை வாங்கி, 15 டாலர் கடனை அடைக்க அதை 400 டாலருக்கு விற்றுவிட்டார். வணிகவியல் வகுப்பில் 'எப்படி விற்கக் கூடாது' என்பதற்கு நல்ல உதாரணம். அடுத்து மரியன் டோனோவன். 1946ல் குளியலறைத் திரையை வெட்டித் தைத்து, துணி டயாப்பருக்கு மேலே போடும் உறை செய்தார். அதுவரை இருந்த ரப்பர் ஜட்டி ஈரத்தை நிறுத்தியது, கூடவே காற்றையும் நிறுத்திப் புண்ணாக்கியது. இவர் உறையில் அந்தத் தொல்லை குறைவு. ஊக்கும் வேண்டாம், அமுக்குப் பட்டன்தான். எந்தத் தயாரிப்பாளரும் வாங்கவில்லை. 1949ல் நியூயார்க்கின் சாக்ஸ் கடையில் தானே விற்க ஆரம்பித்தார். 1951ல் உரிமையைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றார். ஹன்ட் மாதிரி ஏமாறவில்லை! அடுத்து அவர் கொண்டுபோன காகித டயாப்பர் யோசனையைத்தான் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதைச் செய்தது பிராக்டர் அண்ட் கேம்பிள். விக்டர் மில்ஸ் என்ற பொறியாளரின் குழு பாம்பர்ஸை உருவாக்கியது. 1961ல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில், ஒன்று 10 சென்ட் என்று விற்றுப் பார்த்தார்கள். தோல்வி. தாய்மார்களுக்குப் பொருள் பிடித்திருந்தது, விலைதான் பிடிக்கவில்லை. இயந்திர வேகத்தைக் கூட்டி, உற்பத்தியைப் பெருக்கி, 6 சென்ட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஓடியது.

நான் சொன்ன சங்கதி இங்கேதான். அந்த 10 சென்ட்டை எதோடு ஒப்பிட்டார்கள்? சோப்பு, வெந்நீர், துணியின் தேய்மானம். துவைத்தவரின் கூலி அந்தக் கணக்கில் பூஜ்யம். காசு கைமாறாத செலவையும் மதிப்பிட்டுச் சேர்க்க வேண்டும், அதற்கு இம்ப்யூட்டட் காஸ்ட் என்று பெயர் என்று பாடத்தில் படிக்கிறோம். அமெரிக்க நகரங்களில் வீட்டுக்கு வந்து அழுக்குத் துணியை எடுத்துப்போய்த் துவைத்துத் தரும் டயாப்பர் சர்வீஸ் கம்பெனிகள் அப்போதே இருந்தன. அதாவது அந்த வேலைக்குச் சந்தை விலை இருந்தது. வீட்டில் அம்மா செய்தால் மட்டும் அது ஓசி.

1980களில் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை இழுத்துக்கொள்ளும் பாலிமர் தூள் வந்ததும், உறிஞ்சுவதில் துணி தோற்றது. அப்புறம் சண்டை குப்பையைப் பற்றி மாறியது. பிரிட்டனில் 2008ல் வந்த அரசு அறிக்கை, இரண்டரை வருடத்துக்குச் சராசரியாகக் காகித டயாப்பரால் 550 கிலோவும், துணியால் 570 கிலோவும் கார்பன் வெளியாகிறது என்றது. மெஷின் நிறையத் துணி போட்டு, கொடியில் காயவைத்து, அதையே அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் துணியின் கணக்கு 40 சதவீதம் குறையும். 2023 அறிக்கையிலோ துணிதான் சுமார் 25 சதவீதம் குறைவு. மின்சாரம், தண்ணீர், சோப்புத்தூள் எல்லாம் இந்தக் கணக்குகளில் உண்டு. கொடியில் காயப்போடுகிறவரின் நேரத்தை மட்டும் இங்கேயும் தேடக் கூடாது.

துணிதான் என்று முடிவு செய்தவர்களுக்கு ஒன்று. வாங்கின துணியை மூன்று நான்கு முறை வெந்நீரில் துவைத்துவிட்டு, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து மாதிரி உருண்டு நின்றால் மெழுகு இன்னும் போகவில்லை, மறுபடி துவைக்க வேண்டும். வாசனைக்காகப் போடும் கம்ஃபர்ட் மாதிரி சமாச்சாரங்களும் இழையின் மேல் படிந்து இதே வேலையைத்தான் செய்யும். அது வேண்டவே வேண்டாம்.