தோட்டா உறை மசகிடல்
தோட்டா உறை மசகிடல் என்பது, சுடப்பட்ட பித்தளை உறையை மீண்டும் பயன்படுத்துவதற்காக அளவு அச்சினுள் அழுத்தும் முன், அதன் வெளிப்புறத்தில் மெல்லிய மசகுப் படலம் பூசுவதாகும். இவ்வுறைகள் பெரும்பாலும் 70% செம்பும் 30% துத்தநாகமும் கலந்த பித்தளையால் ஆனவை. சுடும்போது விரியும் உறையை எஃகு அச்சு பழைய அளவுக்குச் சுருக்குகிறது.

மசகு இல்லாவிடில் உறை அச்சினுள் சிக்கிவிடும். இழுத்தால் விளிம்பு மட்டும் பிய்ந்து வரும். பின்னர் உறையின் அடியில் துளையிட்டு, மரை வெட்டி, திருகாணி கொண்டே வெளியே எடுக்க வேண்டும். மிகுதியாகப் பூசுவதும் பிழையே. வெளியேற வழியற்ற எண்ணெய் உறையின் தோள்பகுதியில் குழிகளை உண்டாக்குகிறது. டங்ஸ்டன் கார்பைடு வளையம் கொண்ட கைத்துப்பாக்கி அச்சுகளுக்கு, உறை நேரானதாக இருப்பின், பொதுவாக மசகு தேவையில்லை.

உறைகளில் நீளவாக்கில் கீறல்கள் தோன்றினால் அச்சினுள் பித்தளைத் துகளோ மணலோ ஒட்டியுள்ளது எனலாம். அச்சைக் கழுவி, நுண்ணிய மெருகுப் பசையால் மெருகிடலாம். அதிகம் தேய்த்தால் உள்விட்டம் பெருகி அச்சு பயனற்றதாகும்.

இறுதியில் மசகை முற்றிலும் துடைத்தல் இன்றியமையாதது. எண்ணெய்ப்பசையுள்ள உறை துப்பாக்கியின் அறைச் சுவரைச் சரிவரப் பற்றாததால், பின்னோக்கிய விசை அடைப்புப் பகுதியின் மீது கூடுதலாக விழும். விதிவிலக்காக, அமெரிக்கரான ஜான் பெடர்சன் 1920களில் வடிவமைத்த ரைபிளுக்கு, உறை எளிதில் வெளியேறும் பொருட்டு, மெழுகு பூசிய தோட்டாக்களே பயன்படுத்தப்பட்டன.