ஒரு திரை, பல உரையாடல்கள்

பெசன்ட் நகரில் என் வீட்டுக்கு மாலை வேளைகளில் பாடம் கேட்க வரும் மாணவர் ஒருவர், அண்மையில் ஒரு விந்தையான விடையைக் காட்டினார். ஒரு மீட்டர் நீளமுள்ள தனி ஊசலின் அலைவு நேரம் 4.94 வினாடி என்றது அவருடைய கணிப்பொறி. பூமியில் அது ஏறத்தாழ 2 வினாடிதான் என்பதை நீங்கள் அறிவீர்கள். பிழை எங்கே? சூத்திரத்தில் இல்லை. அவருடைய திரையில் இரண்டு பைத்தான் அமர்வுகள் திறந்திருந்தன. ஒன்றில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8, மற்றதில் சந்திரனுக்குரிய 1.62. உரைபதிப்பியிலிருந்து அவர் அனுப்பிய வரி, சந்திரனுக்குப் போய்விட்டது!

அமர்வு என்பது கணிப்பொறியுடன் நடத்தும் உரையாடல். நாம் ஓர் ஆணை இடுகிறோம். உடனே விடை வருகிறது. முன்பு சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு நிரல் அடுத்த ஆணைக்குக் காத்திருக்கிறது. இந்த வசதி எளிதில் கிடைத்ததன்று. பெசன்ட் நகருக்கு அருகிலுள்ள சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-இல் ஐ.பி.எம். 370/155 கணிப்பொறி நிறுவப்பட்டது. மாணவர்கள் நிரலைத் துளை அட்டைகளில் பதித்து, கட்டாகக் கொடுத்துவிட்டு, விடைத்தாளுக்குக் காத்திருந்தனர். ஓர் எழுத்துப் பிழையானாலும் அட்டையைத் திருத்தி, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதற்கு மாற்று வழி முன்பே பிறந்திருந்தது. 1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் நேரப் பகிர்வு முறையை இயக்கிக் காட்டினர். பந்தியில் பரிமாறுபவரை நினைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஓர் இலையைத்தான் அவர் கவனிக்கிறார். ஆனால் விரைந்து நடப்பதால் எந்த இலையும் காய்வதில்லை. கணிப்பொறியும் அவ்வாறே ஒவ்வொருவருக்கும் சிறு நேரத்துண்டு ஒதுக்கியது.

பலருக்குப் பயன்பட்ட இம்முறை, பின்னர் ஒருவரே பல உரையாடல்களை நடத்தவும் உதவியது. 1976-இல் அதே எம்.ஐ.டி.யில் ஈமாக்ஸ் என்னும் உரைபதிப்பி உருவாயிற்று. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-இல் வெளியிட்ட குனு ஈமாக்ஸில், பல நிரல்களைப் பதிப்பியின் உள்ளேயே இயக்க முடிந்தது. ஒவ்வோர் அமர்வுக்கும் தனி ஏடு. நாம் எழுதும் வரியைப் பதிப்பி அந்த நிரலிடம் சேர்க்கும். விடையை அதே ஏட்டில் எழுதும். இரண்டு ஏடுகளுக்கு ஒரே பெயர் இருக்க அது விடாது.

இதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. ஒவ்வோர் அமர்வும் தனி நினைவகம் கொண்டது. ஒன்றில் வைத்த மதிப்பு மற்றதற்குத் தெரியாது. ஆகவே வெறும் எண்கள் போதா. பொருளுணர்த்தும் பெயர்கள் வேண்டும். என் மாணவரின் ஏடுகளுக்கு இப்போது "பூமி", "சந்திரன்" என்று பெயர். வரியை அனுப்புமுன் பெயரைப் பார்க்கிறார். விடை வந்த பின், அது பொருந்துகிறதா என்று சிந்திக்கவும் செய்கிறார். பெயரைப் பார்ப்பதில் பதிப்பி துணை செய்யும். சிந்திப்பது நம் வேலையே.