பிஞ்ச சாட்டையும் பின்னின கைகளும்

சாட்டைன்னதும் நம்ம ஆளுங்களுக்கு எம்.ஜி.ஆர். ஞாபகம்தான் வரும். 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965), எதிரே நம்பியார், அப்புறம் அந்தப் பாட்டு. அந்தச் சாட்டை படப்பிடிப்புக்கு நடுவுல பிஞ்சு போயிருந்தா யார் உட்கார்ந்து சரி பண்ணியிருப்பாங்கன்னு யாரும் கேட்டதில்லை. எனக்கு என்னவோ அந்தக் கேள்விதான் சுவாரசியமா படுது.

இங்கே நான் சொல்ல வர்றது நம்ம ஊர் வண்டிக்காரர் சாட்டை இல்லீங்க. புல்விப்னு சொல்வாங்களே, அமெரிக்க, ஆஸ்திரேலிய மாட்டுக்காரங்களோட நீளச் சாட்டை. தோல் வாரைப் பின்னிச் செய்யறது. ஆறடியும் உண்டு, பத்தடியும் உண்டு. இதை வீட்டிலேயே, முதல் தடவையா முயற்சி பண்ற ஒருத்தர் ரிப்பேர் பண்ண முடியுமான்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். முடியும். ஏன் முடியும்னு தோண்டிக்கிட்டே போனா அது நேரா சரித்திரத்துல கொண்டுபோய் விடுது.

முதல்ல அதோட உடம்பைப் பார்த்துடுவோம். கைப்பிடி. அதிலிருந்து கிளம்பி மெலிஞ்சுக்கிட்டே போற பின்னல். பின்னல் முடியற இடத்துல, பின்னாத ஒத்தைத் தோல் வார் ஒண்ணு, இதுக்கு ஃபால்னு பேரு. அந்த வாரோட நுனியில நூலை முறுக்கிக் கட்டின ஒரு சின்னக் குஞ்சம், அதுதான் கிராக்கர். 'பட்'னு சத்தம் வர்றது அங்கேதான். ஆஸ்திரேலியக் குதிரைக்காரங்க வச்சிருக்கிற ஸ்டாக்விப்புல இன்னொரு மூட்டும் உண்டு. கைப்பிடி தனி, பின்னல் தனி, ரெண்டையும் தோல் வளையத்தால கோர்த்திருப்பாங்க. 2000 சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவுல ஒத்தை ஆள் குதிரையில வந்து சொடுக்கினாரே, அந்தச் சாட்டை.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருதுன்னு விஞ்ஞானிங்க ரொம்ப நாள் மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. நுனி, ஒலியை விட வேகமா போகுதுன்னு 1905-லேயே ஓட்டோ லும்மர்ங்கிற ஜெர்மன்காரர் யூகிச்சார். 1958-ல பெர்ன்ஸ்டைனும் கூட்டாளிகளும் அதிவேகப் படம் எடுத்து ஆராய்ஞ்சாங்க. 2002-ல அரிசோனா பல்கலைக்கழகத்துல கோரியலியும் மெக்மில்லனும் கணக்குப் போட்டு, சத்தத்துக்குக் காரணம் நுனியை விட, சாட்டை வழியா ஓடிவர்ற அந்த வளைவுதான்னு சொன்னாங்க. நமக்கு வேண்டியது ஒண்ணுதான். கையில கொடுக்கிற விசை மெலிஞ்சுக்கிட்டே போற பின்னல்ல ஓட ஓட வேகம் ஏறுது. கடைசியில மணிக்கு 1,200 கிலோமீட்டரைத் தாண்டற சங்கதியை அரை முழம் நூல் தாங்கணும். தாங்குமா? நஞ்சு நாராப் போகும்.

இந்தச் சேதாரத்தை மாட்டுக்காரங்க முன்கூட்டியே கணக்குல எடுத்துக்கிட்டாங்கங்கறதுதான் விஷயமே. பின்னல்தான் விலை உயர்ந்தது. நாள்கணக்கா உட்கார்ந்து செய்யறது. அதைக் காப்பாத்த முன்னாடி ஒரு ஃபாலை வச்சாங்க, ஃபாலைக் காப்பாத்த அதுக்கும் முன்னாடி ஒரு குஞ்சத்தை வச்சாங்க. விலை மலிஞ்சது முதல்ல சாகும். இந்த அமைப்பை எந்த எஞ்சினியரும் வரைஞ்சு கொடுக்கலை. கடையே இல்லாத காட்டுல மாசக்கணக்கா மாட்டு மந்தையோட நடந்தவங்களுக்கு இதை விட்டா வேற வழி இல்லை. ராத்திரி நெருப்புப் பக்கத்துல உட்கார்ந்து குதிரை முடியோ, நூலோ, சணலோ கிடைச்சதை முறுக்கிக் கட்டிட்டு, காலையில மறுபடி கிளம்பிடுவாங்க. ஃபால் அறுந்தா பதனிடாத மாட்டுத்தோல்ல ஒரு வாரை அறுத்துக்க வேண்டியதுதான்.

பின்னலுக்குப் பேர் போனது கங்காரு தோல். அதோட நார்கள் மேற்பரப்புக்கு இணையா, ஒழுங்காப் படிஞ்சிருக்கும். அதனால எவ்வளவு மெல்லிசா சீவினாலும் பலம் அவ்வளவா குறையாது. மாட்டுத்தோலை அப்படிச் சீவினா கையோட வந்துடும்.

இந்த வித்தை கைமாறின விதத்துக்கு ஒரு நல்ல உதாரணம் ஆர்.எம். வில்லியம்ஸ் (1908–2003). பின்னாடி பெரிய பூட்ஸ் கம்பெனி முதலாளி ஆனவர். 1930-கள்ல, பொருளாதார மந்த காலத்துல, தெற்கு ஆஸ்திரேலியாவோட ஃப்ளிண்டர்ஸ் மலைப்பக்கம் கஷ்டப்பட்டுக்கிட்டிருந்தப்ப, 'டாலர் மிக்'னு கூப்பிடப்பட்ட ஒரு நாடோடிக் குதிரைக்காரர்கிட்டதான் தோல் வேலை கத்துக்கிட்டார். குருவுக்கு ஊர் பட்டப்பேர், சிஷ்யருக்கு உலகப் புகழ். நம்ம ஊர் ஆசாரிங்க கதை ஞாபகம் வருது இல்ல?

இதுல இன்னொரு பக்கமும் உண்டு. வட ஆஸ்திரேலியப் பண்ணைகள்ல மாடு மேய்ச்சு ஓட்டின வேலையில பெரும்பங்கு பழங்குடி மக்களோடது. பல இடத்துல கூலின்னா மாவு, சர்க்கரை, டீத்தூள், கொஞ்சம் சில்லறை. 1966 ஆகஸ்ட்ல வின்சென்ட் லிங்கியாரி தலைமையில சுமார் 200 குரின்ஜி மக்கள் வேவ் ஹில் பண்ணையை விட்டு வெளிநடப்பு செஞ்சாங்க. கூலிக்காகன்னு ஆரம்பிச்சது நிலத்துக்கான போராட்டமா மாறி, 1975-ல பிரதமர் விட்லம் நேர்ல வந்து லிங்கியாரி கையில ஒரு பிடி மண்ணைக் கொட்டினார். நான் பார்த்த படங்கள்லயோ சாட்டை சுழட்டுறவர் வெள்ளைக்காரர்தான்.

படம்னு சொன்னா அதுவும் ஆஸ்திரேலியாவிலிருந்து போன சரக்குதான். 1925-ல 'டான் க்யூ, ஸன் ஆஃப் ஸோரோ'வுக்காக டக்ளஸ் ஃபேர்பேங்ஸுக்குச் சாட்டை பழக்கினது ஸ்னோயி பேக்கர்ங்கிற ஆஸ்திரேலிய விளையாட்டு வீரர். 1981-ல இந்தியானா ஜோன்ஸ் கையில இருந்த சாட்டையைப் பின்னினது வாஷிங்டன் மாநிலத்துக்காரரான டேவிட் மார்கன், அதுவும் கங்காரு தோல்ல. மாட்டு மந்தைகளை லாரி ரயில்கள் ஏத்திக்கிட்டுப் போக ஆரம்பிச்சு, நெருப்புப் பக்கத்துப் பாடங்கள் குறைஞ்சுக்கிட்டிருந்த காலம் அது. மார்கன் 1972-லேயே சாட்டை செய்யறது பத்தி ஒரு புத்தகம் போட்டிருந்தார். ஆஸ்திரேலியாவுல ரான் எட்வர்ட்ஸ்னு ஒருத்தர், நாட்டுப்பாடல் சேகரிச்ச கையோட இந்தப் பின்னல்களையும் படம் வரைஞ்சு வச்சார். இன்னைக்கு எங்கேயோ ஒரு வீட்டுத் திண்ணையில ஒருத்தர் சாட்டையைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உட்கார முடியுதுன்னா, இவங்க ரெண்டு பேருக்கும் அதுல பங்கு உண்டு.

சரி, அந்தத் திண்ணைக்காரர் என்ன செய்வார்? குஞ்சம் போச்சுன்னா நைலான் நூலை இறுக்கமா முறுக்கி, நடுவுல மடிச்சு விட்டா தானே ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும். நம்ம ஊர்ல கயிறு திரிக்கிற அதே கணக்கு. நான் ஒண்ணு முறுக்கிப் பார்த்தேன், பத்து நிமிஷம் கூட ஆகலை. ஃபால் போச்சுன்னா கொஞ்சம் பொறுமை வேணும். புது வாரோட தடிச்ச முனையில ஒரு கீறல் போட்டு, பின்னலோட கடைசி இழைகளை அது வழியா விட்டு, வாரைச் சுத்தி ஒண்ணு மேல ஒண்ணா முடிச்சுப் போட்டு இறுக்கணும். அந்த இழைகளே அறுந்திருந்தா, பின்னலைக் கொஞ்சம் பிரிச்சுப் பின்வாங்கி அங்கே முடிச்சுப் போடறது. சாட்டை அரையடி குட்டையாகும், அவ்வளவுதான். நடுப்பின்னல்ல இழை போனா, அது கத்துக்குட்டி வேலை இல்லை. உள்ளே இன்னொரு பின்னல் இருக்கும், அதுக்குள்ள ஒரு மையத் தண்டு. வெளியே தெரியறது மேல்சட்டைதான்.

கொழுப்பையும் சோப்பையும் தண்ணியில காய்ச்சிப் பூசிக்கிட்டுப் பின்னுறது பழைய பழக்கம், இழை வழுக்கி இறுகும். ஆனா எண்ணெய் ஜாஸ்தியானா தோல் தொளதொளன்னு ஆகிடும்.

ஒண்ணை மட்டும் சொல்லாம விட முடியாது. சாட்டை மாட்டுக்கு மட்டும் இருந்ததில்லை. ஃப்ரெடரிக் டக்ளஸ் 1855-ல வந்த சுயசரிதையில, அமெரிக்க அடிமைகளை அடிச்ச 'கௌஸ்கின்'னை விவரிக்கிறார். பதனிடாத காய்ஞ்ச மாட்டுத்தோல், சுமார் மூணடி, கைப்பிடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரே துண்டு, மரம் மாதிரி விறைப்பு. அதுல மாத்தறதுக்குக் குஞ்சமும் இல்லை, ஃபாலும் இல்லை. பின்னின சாட்டைகளாலயும் அடிச்சிருக்காங்க, மறுக்கலை. ஆனா மந்தைக்காரரோட சாட்டை காத்துல சத்தம் போடறதுக்காக அமைஞ்சது. இது உடம்புல படறதுக்காகவே அமைஞ்சது.

அதனால பழைய சாட்டை ஒண்ணு கையில கிடைச்சா நான் முதல்ல நுனியைப் பார்ப்பேன். அப்புறம் விரலால தேய்ச்சுப் பார்க்கணும். செங்கல் பொடி மாதிரி சிவப்பா தூள் ஒட்டினா அது சிவப்பு அழுகல், காத்துல இருக்கிற கந்தக அழுக்கு தோலைத் தின்னுட்டதோட அடையாளம். அதுக்கு வைத்தியம் கிடையாது. எண்ணெய் போடாதீங்க, சொடுக்காதீங்க, சுருட்டி வச்சிடுங்க.