சிறு குண்டும் பெரு வேட்டையும்

வரலாறு என்றவுடன் மன்னர்களையும் போர்களையும் மட்டுமே எண்ணிப் பழகிவிட்டோம். ஆண்டுகளை மனப்பாடம் செய்யும் மாணாக்கருக்கு ஒரு சிறு பொருளின் வரலாறு அளிக்கும் தெளிவைப் பெருநிகழ்ச்சிகளின் பட்டியல் அளிப்பதில்லை என்பது என் கருத்து. ஓர் ஆணி, ஒரு பூட்டு, ஒரு தையல் ஊசி ஆகியவற்றுக்குள்ளும் ஒரு காலத்தின் அறிவும் ஆசையும் வாணிகமும் அடங்கியுள்ளன. அத்தகைய சிறு பொருள் ஒன்றனையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. 1912ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, சிலகாலம் பெரும்புகழ் ஈட்டி, கால் நூற்றாண்டுக்குள் அந்நாட்டில் மறக்கப்பட்ட ஒரு வேட்டைத் தோட்டா அது. ‘புள்ளி 22 சாவேஜ் ஹை பவர்’ என்பது அதன் பெயர்.

தோட்டா வேறு, குண்டு வேறு. பேச்சுவழக்கில் இரண்டையும் ஒன்றாகவே வழங்குகிறோம். பித்தளைக் குப்பி, அதன் அடியில் நெருப்பு மூட்டும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகப்பட்ட குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. குழலினின்று வெளியேறிப் பறப்பது குண்டு மட்டுமே. இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை வேட்டைத் துப்பாக்கிகள் கரிமருந்தையே நம்பியிருந்தன. கரியும் கந்தகமும் வெடியுப்பும் கலந்த அம்மருந்துக்கு ஒரு குறை உண்டு. எவ்வளவு மிகுதியாக இட்டாலும் குண்டின் விரைவு ஓர் எல்லையைத் தாண்டுவதில்லை. எனவே வலிய விலங்கை வீழ்த்த விரும்பியவர் குண்டின் எடையைக் கூட்டுவதன்றி வேறு வழியறியார். யானை வேட்டைக்கெனச் செய்யப்பட்ட துப்பாக்கிகள் சிறு பீரங்கிகளைப் போல் இருந்தமைக்குக் காரணம் இதுவே. 1884இல் பிரெஞ்சு நாட்டு வேதியியலறிஞர் பால் வியேய் புகையற்ற வெடிமருந்தைக் கண்டார். 1886இல் பிரெஞ்சுப் படை அம்மருந்தில் இயங்கும் லெபெல் துப்பாக்கியை ஏற்றது. பத்தாண்டுக்குள் உலகப் படைகள் அனைத்தும் அவ்வழியே சென்றன. குண்டு சிறுத்தது, விரைவு பெருகியது. எவ்வளவு சிறுத்தால் போதும் என்னும் வினா அப்போதுதான் எழுந்தது.

அவ்வினாவுக்குத் துணிந்து விடை கூற முற்பட்டவர் ஒரு வழக்கறிஞர். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் வழக்காடி வந்த சார்லஸ் நியூட்டன், துப்பாக்கித் தொழிலைப் பயின்றவர் அல்லர். ஆயினும் தோட்டாக்களை மாற்றியமைத்து ஆராய்வதில் அவருக்கிருந்த ஈடுபாடு சட்டத்தில் இருந்ததைவிட மிகுதி. 1895இல் வெளிவந்த புள்ளி 25-35 வின்செஸ்டர் என்னும் தோட்டாவின் குப்பியை எடுத்து, அதன் கழுத்தை மேலும் நெருக்கி, புள்ளி 228 அங்குல விட்டமுள்ள மெல்லிய குண்டினை அதில் பொருத்தினார். குடத்தின் வயிறு அப்படியே இருக்க, வாயை மட்டும் குறுக்கியது போன்ற வேலை அது. மருந்தின் அளவு குறையவில்லை. அது தள்ளவேண்டிய சுமை மட்டும் குறைந்தது.

இத்தோட்டாவை ஏற்று விற்பனைக்குக் கொணர்ந்தது சாவேஜ் நிறுவனம். அச்சொல்லுக்குக் காட்டுமிராண்டி என்பது பொருளாயினும், இங்கு அது ஒருவரின் குடும்பப் பெயரே. நிறுவனத்தைத் தோற்றுவித்த ஆர்தர் சாவேஜ் 1857இல் ஜமைக்கா தீவில் பிறந்தவர். அவருடைய 1899ஆம் ஆண்டுத் துப்பாக்கிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அக்காலத்து நெம்புகோல் துப்பாக்கிகளுள் பெரும்பாலானவற்றில் தோட்டாக்கள் குழலின் கீழுள்ள நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒரு தோட்டாவின் மூக்கு முன்னுள்ள தோட்டாவின் அடிமூடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். குண்டின் நுனி கூர்மையாக இருந்தால் அதிர்ச்சியில் அம்மூடி வெடிக்கும் இடர் உண்டு. எனவே மழுங்கிய நுனியே வழக்கம். சாவேஜ் துப்பாக்கியிலோ தோட்டாக்கள் ஓர் உருளையைச் சுற்றித் தனித்தனியே அமர்ந்தன. கூர்நுனிக் குண்டைத் தடையின்றிப் பயன்படுத்தலாம். காற்றைக் கிழித்துச் செல்லக் கூர்நுனி வேண்டும். நியூட்டனின் தோட்டாவுக்கு இதைவிடப் பொருத்தமான வீடு அந்நாளில் வாய்த்திராது.

இனிச் சற்றுக் கணக்குப் பார்ப்போம். கணக்கின்றி இத்தோட்டாவின் பெருமையும் விளங்காது, சிறுமையும் விளங்காது. குண்டின் எடை 70 கிரெயின். கிரெயின் என்பது தானியமணி எடை. நம் பொற்கொல்லர் குன்றிமணியிட்டு நிறுத்ததைப் போல மேலைநாட்டார் தானியமணியிட்டு நிறுத்தனர். எழுபது கிரெயின் என்பது ஏறத்தாழ 4.5 கிராம், அரைப் பவுன் பொன்னைவிடச் சற்றே மிகுதி. அக்குண்டு குழலை விட்டு வினாடிக்கு 2800 அடி, அதாவது ஏறத்தாழ 853 மீட்டர் விரைவில் புறப்பட்டது. ஒலியின் விரைவைப் போல் இரண்டரை மடங்கு அது.

இதனை 1873இல் வெளிவந்து அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே பெரிதும் வழங்கிய புள்ளி 44-40 என்னும் தோட்டாவோடு ஒப்பிடுக. அதன் குண்டு 13 கிராம். விரைவு வினாடிக்கு ஏறத்தாழ 370 மீட்டர். ஆற்றல் என்பது எடையில் பாதியை விரைவின் இருமடியால் பெருக்கிக் காண்பது என நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். அவ்வாறு பெருக்கினால் பழைய பெருங்குண்டுக்கு ஏறத்தாழ 890 ஜூல் வருகிறது. மூன்றில் ஒரு பங்கு எடையுள்ள புதிய சிறுகுண்டுக்கு 1650 ஜூல் வருகிறது. சிறியது பெரியதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு ஆற்றலைச் சுமக்கிறது! ஆனால் சுடுபவன் தோளில் விழும் உதை ஆற்றலைப் பொறுத்ததன்று; உந்தத்தைப் பொறுத்தது. எடையை விரைவால் ஒருமுறை மட்டும் பெருக்கிக் காணும் உந்தம் சிறுகுண்டுக்கே குறைவு. ஆற்றல் மிகுந்தும் உதை குறைந்தும் இருந்த விந்தை இதனால் நேர்ந்தது.

மற்றொரு நன்மையும் உண்டு. பறக்கும் குண்டு எதுவாயினும் மண் அதனை ஒரே வகையாகவே ஈர்க்கிறது. 150 மீட்டர் தொலைவைக் கடக்கப் பழைய குண்டுக்கு ஏறத்தாழ அரை வினாடி ஆகும். அதற்குள் அது ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிடும். புதிய குண்டு அத்தொலைவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு வினாடியில் கடந்துவிடும். தாழ்வு 20 சென்டிமீட்டர் அளவே. தொலைவைத் தவறாக மதிப்பிட்ட வேட்டைக்காரனுக்கும் குறி தப்பாதிருக்க இதுவே காரணம். வளைவுப் பாதையும் நேர்ப்பாதையும் என்னும் பாடத்தை இயற்பியல் ஆசிரியர் நடத்தும்போது இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதிக்காட்டலாம்.

இத்தோட்டாவின் புகழ் அமெரிக்கக் காடுகளில் வளர்ந்ததைவிடச் சீன நாட்டில் வளர்ந்தது என்றால் வியப்பாக இருக்கும். தென்கிழக்குச் சீனத்தின் பூச்சியன் மாநிலத்தில் மெதடிஸ்ட் சமயப் பணியாளராக இருந்தவர் ஹாரி கால்டுவெல். (மொழியறிஞர் கால்டுவெலோடு இவரைக் குழப்பிக்கொள்ளலாகாது, இவர் அமெரிக்கர்.) அங்கு மலையடிவாரச் சிற்றூர்களில் புலிகள் ஆடுமாடுகளையும் சிலவேளை மக்களையும் கொன்றுவந்தன. கால்டுவெல் ஆட்டைக் கட்டிவைத்து, புலி பதுங்கும் புதர்களின் அருகே மறைந்திருந்து, அண்மையிலிருந்து சுட்டார். அவ்வாறு அவர் புலிகளை வீழ்த்தப் பயன்படுத்திய துப்பாக்கிகளுள் புள்ளி 22 சாவேஜ் ஒன்று. அரைப் பவுன் எடைக் குண்டால் புலி வீழ்ந்தது என்னும் செய்தி கடல் கடந்து பரவியது. நீலநிறப் புலி ஒன்றைத் தாம் கண்டதாகவும் அவர் கூறினார். அதனைத் தேடி அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் 1916இல் அங்குச் சென்றும் அது அகப்படவில்லை. கால்டுவெல் தம் பட்டறிவை 1924இல் ‘நீலப்புலி’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக வெளியிட்டார்.

அந்தச் சீனத்துப் புலியினத்தின் இன்றைய நிலை இரங்கத்தக்கது. 1950களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 4000 இருந்தனவாக மதிப்பிடப்படும் அவ்வினம், ஊறு செய்யும் விலங்கென்று அறிவிக்கப்பட்டு வேட்டையாடப்பட்டது, காடுகளும் அழிந்தன. இன்று அது காட்டில் அற்றுப்போனதாகவே அறிஞர் கருதுகின்றனர். விலங்குக் காட்சிச் சாலைகளிலும் வளர்ப்பிடங்களிலுமே எஞ்சியுள்ளது. நம் மலேசியக் காடுகளிலும் புலிகள் 150க்கும் குறைவு என 2022இல் வெளியான கணக்கெடுப்பு கூறுகிறது. வேட்டையைப் பற்றி எழுதுபவன் இவற்றை மறைத்தெழுதுதல் முறையன்று.

கால்டுவெலின் வெற்றி தோட்டாவின் வெற்றியா, வேட்டைக்காரரின் வெற்றியா? என் விடை இரண்டாவதே. புலி மெல்லிய தோலுடைய விலங்கு. அண்மையிலிருந்து, பொறுமையாகக் குறிபார்த்து, விலாப்புறத்தில் நுரையீரல் இருக்குமிடத்தைச் சுட்டால் சிறுகுண்டும் உள்ளே சென்று விரிந்து உயிரைப் போக்கும். அதே காலத்தில் ஆப்பிரிக்காவில் டபிள்யூ. டி. எம். பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றுள் பெரும்பகுதியை 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு துப்பாக்கியாலேயே சுட்டார். பிறர் சிலர் 49 கிராம் எடையுள்ள குண்டுகளைச் சுமந்தபோது அவருடைய குண்டு 11 கிராம் அளவினதே. ஆனால் அவர் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எவ்விடத்தில் உள்ளது, எக்கோணத்தில் அதனை எட்டலாம் என்று கற்றவர். மேலும், அவருடைய குண்டு முழுதும் உலோகக் கவசம் பூண்டது; விரியாமல் ஊடுருவிச் செல்வது. பெல்லின் கணக்கு இத்தனை ஆயத்தங்களின்மேல் நின்றது. யானைத் தந்தத்துக்காக நிகழ்ந்த அக்கொலைகளை நான் போற்றவில்லை. அறிவின் பங்கு எவ்வளவு என்பதையே சுட்டுகிறேன்.

அமெரிக்க வேட்டைக்காரர் பலர் இதனைக் காணவில்லை. புலியையே வீழ்த்திய தோட்டா மானை வீழ்த்தாதா என்று எண்ணி, பெரிய மான்களையும் கரடிகளையும் நோக்கி அதனைச் சுட்டனர். முனையில் ஈயம் வெளித்தெரியும் அம்மெல்லிய குண்டு, தடித்த தோள் எலும்பில் மோதியவுடன் உடைந்து சிதறியது. உயிர்நிலையை எட்டவில்லை. விலங்கு காயத்தோடு ஓடிப் புதருக்குள் நாட்கணக்கில் துன்புற்று மாண்டது. ஆற்றல் 1650 ஜூல் என்னும் எண் பொய்யன்று. ஆனால் அவ்வாற்றல் எங்குச் சென்று செலவாகிறது என்பதை அவ்வெண் கூறுவதில்லை. எண்ணை மட்டும் காட்டிப் பொருளை விற்கும் வணிக வழக்கம் அன்றே வேரூன்றியிருந்தது. நியூட்டன் 1915இல் அதே நிறுவனத்துக்காக அமைத்த மற்றொரு தோட்டாவின் கதையே இதற்குச் சான்று. அதற்கு 100 கிரெயின் குண்டு ஏற்றதென்றார் அவர். நிறுவனமோ வினாடிக்கு 3000 அடி என்று விளம்பரம் செய்யும்பொருட்டுக் குண்டை 87 கிரெயினாகக் குறைத்து, அவ்விரைவையே தோட்டாவின் பெயரிலும் சேர்த்துவிட்டது.

நியூட்டனின் பிற்கால வாழ்வு துன்பமே. 1914இல் சொந்தமாக நிறுவனம் தொடங்கி, செருமனியிலிருந்து துப்பாக்கிகளை வரவழைக்க ஏற்பாடு செய்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டது. நிறுவனம் 1918இல் நொடித்தது. பின்னர்த் தொடங்கியவையும் நிலைக்கவில்லை. 1932இல் அவர் காலமானார். 1935இல் புள்ளி 220 சுவிஃப்ட் என்னும் தோட்டா வினாடிக்கு 4000 அடியைத் தாண்டிச் சென்று பழையதை நாணச் செய்தது. இன்னொரு சிறு காரணமும் உண்டு. பிற 22 வகைத் தோட்டாக்களின் குண்டு புள்ளி 224 அங்குல விட்டமாக நிலைபெற்றது. இதனுடையதோ புள்ளி 228. ஆயிரத்தில் நான்கு அங்குலமே வேறுபாடு. அதனால் இதற்கெனத் தனிக் குண்டு செய்யவேண்டியிருந்தது, செய்வார் அருகினர். ஆனால் சிறிய குண்டு, பெரிய விரைவு என்னும் எண்ணம் மாயவில்லை. 1960களில் அமெரிக்கப் படை ஏற்ற எம் 16 துப்பாக்கியின் குண்டு 3.6 கிராமே. நம் நாட்டுப் படையினரும் அத்துப்பாக்கியைப் பயன்படுத்தியுள்ளனர்.

ஐரோப்பாவில் இத்தோட்டாவின் ஊழ் வேறாக அமைந்தது. அங்கு அதற்கு 5.6×52 ஆர் என்று பெயர். அடியில் விளிம்புள்ள குப்பியாதலால், குழலை மடித்துத் திறக்கும் துப்பாக்கிகளுக்கு அது நன்கு பொருந்தியது. செருமானியரும் ஆஸ்திரியரும் அதனைக் கொண்டு ‘ரே’ என்னும் சிறு மானை வேட்டையாடினர். ஆட்டுக்குட்டியை விடச் சற்றே பெரிய, 20 முதல் 25 கிலோ எடையுள்ள விலங்கு அது. எந்த விலங்குக்கு எந்தக் குண்டு என்பதை வேட்டைக்காரரின் விருப்பத்துக்கு விடாமல், செருமானிய வேட்டைச் சட்டம் வரையறுத்துள்ளது. ரே மானுக்கு 100 மீட்டர் தொலைவில் குறைந்தது 1000 ஜூல் ஆற்றல் வேண்டும். அதனினும் பெரிய குளம்பு விலங்குகளுக்குக் குண்டின் விட்டம் 6.5 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. ஆற்றல் 2000 ஜூல் வேண்டும். நியூட்டனின் தோட்டா முதல் வரையறையை நன்றாகவே நிறைவு செய்கிறது. இரண்டாவதனுள் நுழைய அதற்கு இடமில்லை. அமெரிக்க வேட்டைக்காரர் கால் நூற்றாண்டு வாதிட்டும் தீர்க்காததை இரண்டு எண்களும் ஒரு விட்டமும் தீர்த்துவைத்தன. அச்சிறு மானின் பொருட்டே செக் நாட்டிலும் சுவீடனிலும் இத்தோட்டாவைத் தொடர்ந்து செய்துவந்துள்ளனர்.