மொடக்குறிச்சி: புத்தகமாகிப் போன வாக்குச்சீட்டு

தமிழில் அச்சான நூல்களில் எந்த நூலகத்தின் அட்டவணையிலும் இடம்பெறாத ஒன்று 1996ஆம் ஆண்டு ஈரோடு மாவட்டத்தில் வெளிவந்தது. மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியின் வாக்குச்சீட்டைத்தான் சொல்கிறோம். 1,033 வேட்பாளர்களின் பெயர்களை ஒற்றைத் தாளில் அடக்க வழியின்றித் தேர்தல் ஆணையம் அதைப் புத்தக வடிவில் அச்சிட்டது. வழக்கமான பெட்டிகள் கொள்ளாது என்று பெரிய பெட்டிகள் வந்தன. வாக்குப்பதிவும் ஒரு மாதம் தள்ளிவைக்கப்பட்டது. பொது அறிவுப் போட்டிகளில் இன்றும் கேட்கப்படும் செய்தி இது. ஆனால் அந்த ஆயிரம் பேர் எதற்காக நின்றார்கள் என்பதைக் கேட்பவர் அரிது.

அவர்களிற் பெரும்பாலோர் உழவர்கள். தங்கள் குறைகளை அரசு செவிமடுக்கவில்லை என்பதைக் காட்ட வேட்புமனுவைக் கருவியாக்கியவர்கள். காலிங்கராயன் வாய்க்காலும் கீழ்பவானி வாய்க்காலும் ஓடும் நாடு அது. காலிங்கராயனின் வயது ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் என்பது மரபு. கீழ்பவானியோ சுதந்திரத்தை ஒட்டித் தொடங்கப்பட்டு 1950களில் முடிந்த திட்டம். இருநூறு கிலோமீட்டர் நீளும் அவ்வாய்க்காலின் பாசனப் பரப்பு 2,07,000 ஏக்கர். எல்லா நிலத்துக்கும் ஒரே நேரத்தில் நீர் விட இயலாது என்பதால் ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு முறையும் இரட்டைப்படை மதகுகளுக்கு மறுமுறையும் என்று பங்கிட்டு விடுகிறார்கள். இத்தகைய ஏற்பாட்டில் கடைமடைக்காரரின் மனநிலை எப்படியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. வாய்க்கால் எட்டாத இடங்களில் கிணறு, கிணற்றுக்கு மின்சாரம்.

கொங்கு நாட்டு உழவர் இயக்கத்தின் வரலாறும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1972இல் மின்கட்டணத்தை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் மாட்டுவண்டிகளைக் கொண்டு கோவை நகரையே முடக்கினார்கள். துப்பாக்கிச் சூடுகளில் உயிர்களையும் இழந்த இயக்கம் அது. பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம் கிடைத்ததன் பின்னணியில் அந்தப் போராட்டங்கள் உண்டு. ஆனால் அவ்வியக்கம் 1980களில் கட்சியாக மாறி வாக்குக் கேட்டபோது, அவர் கூட்டங்களுக்குத் திரண்ட ஊர்கள் அவரைக் கைவிட்டன. தெருவில் சங்கம், வாக்குச்சாவடியில் கட்சி என்று நம் உழவர்கள் வாழ்வை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். மொடக்குறிச்சியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல திறவுகோல் இல்லை என்று கருதுகிறோம்.

ஆயிரம் மனுக்களுக்கு வழிவகுத்தது சட்டமே. சட்டமன்ற வேட்பாளருக்கு 1951ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த காப்புத்தொகை 250 ரூபாய். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. 1952இல் அது பெருந்தொகை. நாற்பத்தைந்து ஆண்டுகள் அது மாறவேயில்லை. ரூபாயின் மதிப்புத்தான் தேய்ந்துகொண்டே வந்தது. முன்மொழிய ஒரே ஒரு வாக்காளர் போதும். எனவே ஊர் ஊராக மனுத் தாக்கல் செய்ய முடிந்தது.

அன்றைய சட்டப்படி வேட்பாளர் பட்டியல் முழுவதும் அகரவரிசையில் அமையவேண்டும். கட்சி வேட்பாளரும் சுயேச்சையும் கலந்தே வருவார்கள். தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசனுக்கு வாக்களிக்க விரும்பியவர், அகராதியில் சொல் தேடுவது போலப் பக்கம் புரட்டிச் சகர வரிசையை எட்டவேண்டியிருந்தது. எட்டினார்கள் என்பதுதான் வியப்பு. அவர் அறுபதாயிரத்துக்கு மேல் வாக்குகள் பெற்று வென்றார். வாக்குப்பதிவு தள்ளிப்போன இடைவெளியில் சென்னையில் தி.மு.க. ஆட்சி அமைத்துவிட்டிருந்தது. அதுவும் பக்கம் புரட்டிய விரல்களுக்கு வழிகாட்டியிருக்கலாம். மறுபுறம், வேட்பாளர்களில் 88 பேருக்கு ஒரு வாக்குக்கூட விழவில்லை. தமக்குத் தாமே வாக்களிக்காதவர்கள் என்று இவர்களைக் கேலி பேசுவோர் உண்டு. மாநிலத்தின் எந்தத் தொகுதி வாக்காளரும் வேறெந்தச் சட்டமன்றத் தொகுதியிலும் போட்டியிடலாம். சிலர் வெளியூர்க்காரராய் இருந்திருக்கக்கூடும். மற்றவர்கள் மனுவைச் சங்கத்துக்கும் வாக்கைக் கட்சிக்கும் தந்துவிட்டிருப்பார்கள். இதில் கேலிக்கு இடமில்லை. வெல்வதற்காக அவர்கள் நிற்கவேயில்லை.

அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் ஆந்திரத்தின் நல்கொண்டாவில் 480 பேரும் கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேரும் போட்டியிட்டனர். நல்கொண்டாவில் பிரச்சினை, எலும்பை வளைக்கும் ஃபுளோரைடு கலந்த குடிநீர். நாடு முழுவதும் மக்களவைக்கு 13,952 பேர் நின்றார்கள். 1996 ஆகஸ்டில் சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்றக் காப்புத்தொகை 5,000 ரூபாய் ஆயிற்று (பின்னர் 10,000). சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். பட்டியலிலும் வரிசை மாறியது: அங்கீகாரம் பெற்ற கட்சியினர் முதலில், பதிவு மட்டும் செய்த கட்சியினர் அடுத்து, ஏனையோர் கடைசியில். 1998 மக்களவைத் தேர்தலில் வேட்பாளர் எண்ணிக்கை 4,750 ஆகக் குறைந்தது. நிர்வாகத்தின் கோணத்தில் இது நியாயமே. புத்தகம் அச்சிட்டுத் தேர்தல் நடத்த எந்த நாட்டாலும் இயலாது. ஆனால் தண்ணீர் கேட்டவர்களுக்குக் கிடைத்த விரைவான விடை, மனுவின் விலையுயர்வாக இருந்தது என்பதையும் வரலாற்றில் குறித்துத்தான் ஆகவேண்டும். கீழ்பவானிப் பூசல்கள் அதன் பிறகும் ஓயவில்லை.

அந்த உத்தியும் அடியோடு மறையவில்லை. 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத் மக்களவைத் தொகுதியில் மஞ்சளுக்கு விலை கேட்டு உழவர்கள் மனுத் தாக்கல் செய்தார்கள். காப்புத்தொகை அப்போது 25,000 ரூபாய். ஆயினும் 185 பேர் களத்தில் நின்றார்கள். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் பன்னிரண்டு இயந்திரங்களை வரிசையாக அடுக்கி வாக்குப்பதிவு நடந்தது. ஈரோட்டைப் போலவே அதுவும் மஞ்சள் சீமை. அங்கே ஆளுங்கட்சி முதல்வரின் மகள் கவிதா தோற்றார். உழவர்களின் எதிர்ப்பு அந்தத் தோல்வியில் பங்கேற்றது என்றே பலரும் கணித்தனர்.

சுப்புலட்சுமியின் கதையோ இதே தொகுதியோடு பின்னியது. 1977இல் அ.தி.மு.க. சார்பில் இங்கே வென்று எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இடம்பெற்றவர் அவர். பின்னர் தி.மு.க.வில் சேர்ந்து, மாநில அமைச்சராகவும் 2004க்குப் பின் மத்திய இணையமைச்சராகவும் இருந்தவர். தொகுதி மறுவரையறைக்குப் பின் கொடுமுடி, சிவகிரிப் பகுதிகளையும் கொண்டிருந்த மொடக்குறிச்சியில் 2021இல் மீண்டும் நின்றார். கட்சி ஆட்சியைப் பிடித்தது, அவர் பா.ஜ.க.வின் மருத்துவர் சரஸ்வதியிடம் தோற்றார். வித்தியாசம் 281 வாக்குகள். 1996இல் அவரோடு போட்டியிட்டவர்களின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குகூட அது தேறாது.