ஏடும் எண்ணும்

இணையம் நம்மிடம் வந்தபோது அழியாத ஒன்றாக வந்தது. காகிதம் மக்கும், ஓலையைச் செல் அரிக்கும், மின்னெழுத்துக்கு இந்தக் கதி இல்லை என்ற எண்ணம் அப்போது படித்தவர்களிடையே சாதாரணமாக இருந்தது. முப்பது வருஷங்களுக்குப் பிறகு இதைப் பரிசீலிப்பது அவசியம். என் தலைமுறைக்கும் இணையத்துக்குமான உறவு மாறிய விதமும் இதற்குள்ளேயே இருக்கிறது.

வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பி வழியே 9.6 கிலோபிட் வேகம். 1998 நவம்பரில் தனியாரும் அனுமதிக்கப்பட்ட பிறகுதான் பிரவுசிங் சென்டர்கள் சிற்றூர்கள் வரை பரவின. தொண்ணூறையொட்டிப் பிறந்தவர்களுக்கு இணையம் முதலில் ஓர் இடம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில், பலகைத் தடுப்புக்குள், மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து உட்காரும் இடம். போக ஒரு காரியம் வேண்டும். திரும்ப ஒரு நேரம் உண்டு. இதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தடுப்புகளுக்குள் பெண்கள் உட்கார்ந்து நிம்மதியாகப் படிப்பது சுலபமாக இருக்கவில்லை. காசில்லாதவனுக்கும் அங்கே இடமில்லை.

தமிழில் படிப்பது இன்னும் சிரமம். கணினி சேமித்து வைப்பது எழுத்தையல்ல, எண்ணை. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை எழுத்துருதான் சொல்ல வேண்டும். பத்திரிகைக்குப் பத்திரிகை எழுத்துரு வேறு. பல நாட்டுத் தமிழர்கள் கூடி வகுத்தது திஸ்கி. தமிழக அரசு 1999இல் அறிவித்தவை டாம், டாப். யூனிகோட் 1991லேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியிருந்தாலும், விண்டோஸ் 2000க்குப் பிறகே அது சாதாரணக் கணினிகளுக்கு வந்தது. புழக்கத்தில் நிலைபெற மேலும் சில வருஷங்கள் ஆயின. அதுவரை ஒவ்வொரு பக்கத்தையும் படிக்க அதன் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். எரிச்சலூட்டும் வேலைதான். ஆனால் எழுத்து என்பது மனிதர்கள் கூடிச் செய்துகொண்ட ஓர் ஏற்பாடு என்ற பிரக்ஞையை அது வாசகனுக்குத் தந்தது.

அன்று அப்படி எழுதப்பட்டவற்றின் கதி என்ன? எழுத்துரு போனதும் எண்கள் மட்டும் மிஞ்சின. அந்தக் கோப்புகளை இன்று திறந்தால், தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துக்கள் வரிசையாக நிற்கின்றன. மற்றவை இடத்தோடு சேர்ந்து போயின. யாகூ 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸை மூடியது. கூகிள் 2014 செப்டம்பரில் ஆர்குட்டையும், 2019 ஏப்ரலில் கூகிள் பிளஸ்ஸையும் மூடியது. எங்களில் பலர் பதினேழு பதினெட்டு வயதில் எழுதியவை, எழுதப் பழகிய தடங்கள், அவற்றில் இருந்தன.

தப்பியவையும் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, திஸ்கியில் வெளியிட்டார்கள். யூனிகோட் வந்ததும் அந்த நூல்கள் அதற்கும் மாற்றப்பட்டன. அதனால் அவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. ஏட்டின் விதியும் இதுதான். 1887இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்ததற்குக் காரணம், ஓலையின் ஆயுள் அல்ல. செல்லரிக்கும் முன் யார் யாரோ தலைமுறைதோறும் பிரதி செய்து வந்தது. மின்னெழுத்து இந்த விதியிலிருந்து நம்மை விடுவிக்கவில்லை, தவணையைத்தான் குறைத்தது. ஓலைக்கு நூறு இருநூறு வருஷம் என்றால் இதற்குப் பத்து வருஷம்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையம் ஓர் இடமாக இருப்பது அநேகமாக முடிந்தது. சட்டைப் பைக்குள் வந்துவிட்ட ஒன்றுக்குப் போவதும் இல்லை, திரும்புவதும் இல்லை. முன்பு கதவுக்கு வெளியே நின்ற லட்சக்கணக்கானவர்கள் உள்ளே வந்தார்கள் என்பது சிறிய விஷயமல்ல. ஆனால் இவ்வளவு பேர் எழுதுவதும் ஒருசில கம்பெனிகளின் கிடங்கில் சேர்கிறது. வங்கியில் ஒரு ரூபாய் வரவுக்கும் பதிவு உண்டு. எழுத்தை ஒப்படைத்தவன் கையிலோ ஒன்றும் இல்லை.

இது ஏக்கத்தின் பாற்பட்ட விஷயமல்ல. இலக்கிய வரலாற்றின் பிரச்னை. 2000க்குப் பிந்திய பத்து வருஷங்களில் தமிழில் நடந்த விவாதங்களில் கணிசமானவை அச்சுக்கு வரவில்லை. நாளை இந்தக் காலத்தை எழுதப்போகிறவன் அச்சில் இருப்பதை மட்டும் வைத்து எழுதினால் அது பொய் வரலாறாகும். அதைத் தவிர்க்க வழி பழையதுதான்: மதிப்புள்ளதென்று படுவதைப் படிப்பவனே பிரதி எடுத்து வைப்பது. எது மதிப்புள்ளது என்று தீர்மானிப்பது விமர்சனத்தின் வேலை. இந்த அளவில் பிரதி எடுப்பதும் விமர்சனச் செயலே.