நாற்பது காப்பி, ரெண்டு பின், ஒரு தப்பான விமர்சனம்

இந்த எபிசோடை செக்காலை வீட்டு மாடியில உட்கார்ந்து பதிவு பண்றேன். பின்னாடி ஹார்ன் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. சென்னையில இருந்து ரெண்டு நாள் லீவு போட்டு வந்ததே ஒரு பதினாறு பக்கப் புத்தகத்தைத் தேடத்தான். கிடைக்கல.

போன மாசம் ஒரு தம்பி மெசேஜ் பண்ணியிருந்தார். "அண்ணா, 2018-ல நீங்க என் காமிக்ஸ் ஒண்ணை ரிவ்யூ பண்ணீங்க. அது உங்ககிட்ட இன்னும் இருக்கா? என்கிட்ட ஒண்ணுகூட இல்ல." மொத்தமே 40 காப்பி போட்டாராம். எல்லாம் ஜெராக்ஸ். வரைஞ்ச ஒரிஜினல் தாள்கள் வேளச்சேரி வீட்டுல கீழ்த்தட்டுல இருந்திருக்கு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ வீட்டுக்குள்ள தண்ணி. ஸ்கேன் வச்சிருந்த ஹார்ட் டிஸ்க்கும் அதோட போச்சு.

எங்கிட்ட நிச்சயமா இருக்கும்னு பதில் போட்டேன். நான் எதையும் தூக்கிப் போடறவன் இல்ல. ஆனா பரண்ல இருந்த அட்டைப்பெட்டி மூணுல ஒண்ணைக் காணோம். அம்மாவைக் கேட்டா, "ஜெராக்ஸ் பேப்பரா இருந்துச்சேப்பா, ஏதோ காலேஜ் நோட்ஸுன்னு பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுட்டேன்"ங்கிறாங்க. கோபப்பட முடியல. வெளியில இருந்து பார்த்தா அது நோட்ஸ் மாதிரிதான் இருக்கும்.

அப்போ அந்தக் காமிக்ஸ்ல மிச்சம் இருக்கறது என்ன? என்னோட பழைய எபிசோடுல வர்ற நாலு நிமிஷம். திரும்பப் போட்டுக் கேட்டேன். நாலு நிமிஷத்துல மூணு நிமிஷம் நான் சிரிச்சிட்டிருக்கேன்.

கதை இதுதான். பூட்டிக் கிடக்கற ஒரு செட்டிநாட்டு வீடு, அதுக்கு ஒரு காவல்காரர். தினமும் சாயங்காலம் வந்து முகப்புல விளக்கேத்துவார், பெருக்குவார், போயிடுவார். அவ்வளவுதான். அதுல ஒரு கட்டத்துல அவர் கையில ஆறு விரல் இருக்குன்னு கண்டுபிடிச்சு, அதை வச்சே ஓட்டு ஓட்டுன்னு ஓட்டியிருக்கேன். "கடைசிப் பக்கம் ஏன் அங்க முடியுதுன்னு வரைஞ்சவருக்கே தெரியாது போல"ன்னு ஒரு வரி வேற. அப்போ எனக்கு இருபத்தொரு வயசு. நக்கலடிச்சாத்தான் விமர்சனம்னு நினைச்ச வயசு.

இந்தச் சின்னக் காமிக்ஸ் பைத்தியம் எனக்கு எப்படி வந்ததுன்னு பழைய கேட்பாளர்களுக்குத் தெரியும், புதுசா வந்தவங்களுக்காக வேகமா சொல்லிடறேன். மாமா ஒருத்தர் சேர்த்து வச்சிருந்த சிவகாசி காமிக்ஸ். 1972-ல சௌந்தரபாண்டியன் ஆரம்பிச்ச முத்து காமிக்ஸ், 1984-ல அவரோட பையன் விஜயன் ஆரம்பிச்ச லயன் காமிக்ஸ். முதல்ல இரும்புக்கை மாயாவி, அப்புறம் ஸ்பைடர். 2012 ஜனவரியில லயன் நீண்ட இடைவெளிக்கு அப்புறம் பெரிய சைஸ்ல திரும்ப வந்தப்போ நான் ஸ்கூல். அதுக்காகச் சேர்த்த காசு என் வாழ்க்கையோட முதல் பட்ஜெட். காலேஜ் வந்த பிறகுதான், பிரஸ்ஸே இல்லாம தானே வரைஞ்சு, தானே ஜெராக்ஸ் போட்டு, மடிச்சு, நடுவுல ரெண்டு பின் அடிச்சு விக்கிறவங்க இருக்காங்கன்னு தெரிஞ்சது. அதுல இருந்து கையில கிடைக்கறதையெல்லாம் வாங்கிப் பேசிட்டிருக்கேன்.

இந்த ஸ்பைடர்ல ஒரு விஷயம் இருக்கு. நம்ம ஊர்ல அவனைக் கொண்டாடினவங்க பல பேருக்கு அவன் கதைகள்ல நிறைய எழுதினது யாருன்னு தெரியாது. அந்தக் கால பிரிட்டிஷ் வார இதழ்கள் எழுத்தாளர் பேரைப் போடாது. எழுதினவர் ஜெர்ரி சீகல். ஆமா, ஜோ ஷஸ்டரோட சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கின அதே சீகல். 1938-ல சூப்பர்மேன் உரிமையை ரெண்டு பேருமா 130 டாலருக்குக் கொடுத்துட்டு, அப்புறம் வருஷக்கணக்கா கோர்ட்டும் கையுமா அலைஞ்சு, 1960-கள்ல லண்டன் கம்பெனிக்காகப் பேர் இல்லாம ஸ்பைடர் எழுதினார்.

ஆனா அவர் ஆரம்பிச்ச இடம் எது தெரியுமா? கிளீவ்லேண்ட்ல ஹைஸ்கூல் படிக்கறப்போ 1932-ல தானே போட்ட ஒரு கையடக்க இதழ். ஸ்டென்சில் வெட்டி மை தடவி உருட்டி எடுப்பாங்களே, நம்ம ஊர்ல சைக்ளோஸ்டைல்னு சொல்வோம், அந்த வேலை. மொத்தம் அஞ்சு இதழ். 1933 ஜனவரி இதழ்லதான் சூப்பர்மேன்ங்கிற பேர் முதல்முதலா வருது. அதுவும் மொட்டைத் தலை வில்லனா! அந்த அஞ்சு இதழும் மொத்தமா அழிஞ்சிருந்தா, உலகத்துக்கே தெரிஞ்ச ஒரு ஹீரோ வில்லனாத்தான் பொறந்தான்னு சொல்ல இன்னைக்கு ஆதாரமே இருந்திருக்காது. யாரோ சில பேர் வீட்டுல அதைத் தூக்கிப் போடாம வச்சிருந்திருக்காங்க, அவ்வளவுதான்.

சரி, புத்தகமும் இல்ல, வச்சிருந்தவங்களும் இல்ல, விமர்சனம் மட்டும்தான் மிச்சம்னா? இந்தக் கேள்வியோடதான் ஒரு வாரமா சுத்திட்டிருக்கேன். தமிழ்ல இதுக்கு ரொம்பப் பழைய உதாரணம் இருக்கு, அதுவும் என் கேஸ் மாதிரியே.

ஐம்பெருங்காப்பியம்னு பத்தாம் கிளாஸ்ல மனப்பாடம் பண்ணோம். அதுல வளையாபதியும் குண்டலகேசியும் முழுசா கிடைக்கல. குண்டலகேசி பௌத்தக் காப்பியம். கையில இருக்கறது கொஞ்சப் பாட்டுதான், அதுவும் மத்தவங்க எடுத்து வச்சதால கிடைச்சது. ஆனா அது என்ன வாதம் பண்ணுச்சுன்னு நமக்கு ஓரளவு தெரியும். எப்படின்னா, அதைக் கிழிச்சுத் தொங்கவிடறதுக்குன்னே ஒரு சமணர் நீலகேசின்னு ஒரு முழு நூல் எழுதினார். அதுல 'குண்டலகேசி வாதச் சருக்கம்'னு ஒரு பகுதியே உண்டு. நீலகேசி போய் குண்டலகேசியோட வாதாடி ஜெயிக்கறதா வரும். அந்த நீலகேசிக்கு சமய திவாகர வாமன முனிவர்னு ஒருத்தர் உரை எழுதறப்போ, எதிராளியோட வரிகளையும் எடுத்துக் காட்டறார்.

அதாவது மூலம் தொலைஞ்சு போச்சு, எதிரியோட விமர்சனம் தங்கிடுச்சு. நீலகேசிக்காரருக்கு குண்டலகேசி மேல பாசம் துளியும் கிடையாது. ஆனா தோக்கடிக்கணும்னா எதிராளி என்ன சொன்னான்னு முதல்ல ஒழுங்கா சொல்லியாகணும். அந்த ஒழுங்குதான் என்கிட்ட இல்ல. என் நாலு நிமிஷத்துல அந்தக் காமிக்ஸ் எத்தனை பக்கம்னு தற்செயலா சொல்லியிருக்கேன். ரெண்டு கட்டத்தை விவரிச்சிருக்கேன். எந்த ஊர்ல ஜெராக்ஸ் போட்டது, என்ன அளவு, எவ்வளவு விலை, எதுவும் இல்ல.

இதையெல்லாம் குறிச்சு வைக்கறதுக்கு யாரோ ஒரு பழைய ஃபார்மட் வச்சிருப்பாங்களேன்னு தேடினேன், சாஃப்ட்வேர் புத்தி. கிடைச்சது யார்கிட்டன்னா, பிரிட்டிஷ் சர்க்கார்கிட்ட! 1867-ல ஒரு சட்டம் போட்டாங்க, அச்சகம் மற்றும் புத்தகப் பதிவுச் சட்டம். எதை அச்சடிச்சாலும் சர்க்காருக்குக் காப்பி கொடுக்கணும். ஒவ்வொரு மாகாணமும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை அதையெல்லாம் பட்டியல் போட்டு வெளியிடணும். அந்தப் பட்டியல்ல என்னென்ன கட்டம் இருக்கணும்னு சட்டத்திலயே எழுதியிருக்கு. தலைப்பு, மொழி, எழுதினவர், பொருள், அச்சடிச்ச ஊர், அச்சடிச்சவர், தேதி, பக்கம், அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை காப்பி, அச்சா கல்லச்சா, விலை, உரிமை யாருக்கு. டேட்டாபேஸ் ஸ்கீமா மாதிரியே இருக்கு இல்ல? இன்னைக்கு இருக்கற பல ஆப்ல 'எத்தனை காப்பி'ன்னு ஒரு கட்டமே கிடையாது.

சட்டம் போட்டவங்களுக்குப் புத்தகக் காதல்னு நினைச்சுடாதீங்க. 1857-ல நடந்த பெரிய கலகம் முடிஞ்சு பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. யார் என்ன அச்சடிக்கிறாங்கன்னு ஒரு கண்ணு வச்சுக்கணும். ஆனா அதோட பக்கவிளைவா குஜிலிப் புத்தகங்கள் எத்தனையோ பதிவாச்சு. சென்னை குஜிலிக் கடைவீதியில, சந்தையில, ரயில்ல பாடி வித்த மலிவுப் பாட்டுப் புத்தகங்கள். சில பக்கம்தான் இருக்கும், மட்டமான காகிதம், காலணா அரையணா விலை. கொலை, வெள்ளம், ரயில் விபத்து, எது நடந்தாலும் சூட்டோட சூடா பாட்டு வந்துடும். படிச்ச பெரிய மனுஷங்க அதைத் தொடவே மாட்டாங்க, மதிப்புரை எழுதறது எங்க! ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்'னு ஒரு புத்தகத்துல இந்த உலகத்தை விரிவா எழுதியிருக்கார். அதைப் படிச்சப்போ எனக்கு உடனே தோணினது, இவங்கதான் நம்ம ஜெராக்ஸ் காமிக்ஸ்காரங்களோட தாத்தா பாட்டின்னு.

அந்த மாதிரிப் புத்தகங்களைத் தேடித் தேடி வாங்கின ஒரு மனுஷர் இருந்தார். எங்க வீட்டுல இருந்து சில கிலோமீட்டர் தள்ளி, கோட்டையூர்ல. நான் ஸ்கூல் படிக்கறப்போ பஸ்ல அந்த ஊர் வழியா எத்தனையோ தடவை போயிருக்கேன், யாரும் அவரைப் பத்திச் சொன்னதே இல்ல.

ரோஜா முத்தையா. பொறந்தது 1911. சென்னையில விளம்பரப் பலகை எழுதற ஓவியரா வேலை பார்த்தவர். அதைக் கவனிங்க, பேராசிரியர் இல்ல, பண்டிதர் இல்ல, போர்டு எழுதறவர். பழைய புத்தகக் கடையில பொறுக்க ஆரம்பிச்சது நிக்கவே இல்ல. அப்புறம் கோட்டையூருக்கே திரும்பி, வீட்டையே நூலகமா ஆக்கிட்டார். பெரிய புத்தகங்களோட நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம், துண்டுப் பிரசுரம்னு மத்தவங்க குப்பைன்னு நினைச்சதும் அவர்கிட்ட இருந்தது. 1992-ல அவர் இறந்தப்போ சுமார் ஒரு லட்சம் உருப்படி சேர்ந்திருந்தது. 1994-ல சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்குச்சு. வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டு போகாம சென்னையிலேயே வச்சாங்க. இன்னைக்குத் தரமணியில இருக்கற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதுதான்.

எனக்கு இதுல கொஞ்சம் வருத்தமும் உண்டு. காரைக்குடிப் பக்கம் சேர்ந்த பொருள் சென்னைக்குப் போயிடுச்சேன்னு. ஆனா எங்க வீட்டுப் பரண்ல நடந்ததைப் பார்த்தா, போனது நல்லதுக்குத்தான்னும் தோணுது.

சேர்க்கறதையும் விமர்சனத்தையும் ஒண்ணாச் செஞ்ச ஆள்னா மைக் குண்டர்லாய். 1982-ல அமெரிக்காவுல 'ஃபேக்ட்ஷீட் ஃபைவ்'னு ஒரு சின்ன இதழ் ஆரம்பிச்சார். யார் கையால போட்ட இதழையோ காமிக்ஸையோ அனுப்பினாலும் அதைப் பத்தி ஒரு பத்தியாவது வரும். கூடவே அளவு, பக்கம், விலை, எந்த முகவரிக்கு எழுதணும்ங்கிறதும் இருக்கும். 1991-ல அவர் நிறுத்தினப்போ ஒரு இதழ்லயே ஆயிரத்துக்கும் மேல மதிப்புரை வந்துட்டிருந்தது. இவ்வளவையும் உட்கார்ந்து பண்ணினா மனுஷன் தாங்குவானா? தாங்கல, நிறுத்திட்டார். அவர்கிட்ட சேர்ந்த குவியல் நியூயார்க் மாநில நூலகத்துக்குப் போச்சு. அவர் எழுதினதுல பல பத்திகள் ரெண்டு வரி, மூணு வரிதான், பெரிய ரசனையெல்லாம் இல்ல. ஆனா அந்த ரெண்டு வரியை வச்சு அந்தப் புத்தகத்தைத் தேடிப் போக முடியும். என் நாலு நிமிஷத்தை வச்சு எங்கயும் போக முடியாது.

இனி கதையோட மிச்சம். அந்தத் தம்பிக்கு போன் பண்ணி, புத்தகம் இல்லப்பா, என் ஆடியோதான் இருக்கு, அதுவும் நல்லா இருக்காதுன்னு சொன்னேன். "பரவாயில்லண்ணா, அனுப்புங்க, நான் அப்போவே கேட்டுட்டேன்"னார். அந்தக் குரல்ல கோபம் இல்ல, அதுதான் கஷ்டமா இருந்தது. அந்த எபிசோடு கேட்டதுக்கு அப்புறம் ரெண்டு வருஷம் அவர் எதுவும் வரையலையாம். அதை ஒரு குற்றச்சாட்டா சொல்லல, பேச்சோட பேச்சா வந்தது. மன்னிப்பு கேட்டேன். "விடுங்கண்ணா, படம் சுமாராத்தான் இருந்துச்சு"ன்னார்.

மறுநாள் திரும்பக் கூப்பிட்டார். ஆடியோவை வச்சு, ஞாபகத்துல இருந்து மறுபடி வரைய ஆரம்பிச்சிருக்கார். நான் விவரிச்ச ரெண்டு கட்டம்தான் அவருக்குப் பிடிமானம். அதுல ஒண்ணு அந்த ஆறு விரல்.

"அண்ணா, ஒண்ணு சொல்லட்டா? அது விரல் இல்ல. சாவி."

வீட்டுக்காரங்க தொலைஞ்சு போச்சுன்னு விட்டுட்ட ஒரு அறையோட சாவி. அதை அந்தக் காவல்காரர்தான் விரலுக்கு நடுவுல மறைச்சு வச்சிருக்கார். ஏன் மறைச்சார், அந்த அறையில என்ன இருக்கு, அதுதான் கதையே. கடைசிப் பக்கம் அங்க முடியறதுக்குக் காரணமும் அதுதான். நான் காரைக்குடிக்காரன். முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகள்ல கொத்துக் கொத்தா தொங்கற அந்த நீளச் சாவிகளைப் பார்த்து வளர்ந்தவன். என் கண்ணுக்கே அது விரலாத் தெரிஞ்சிருக்கு.

பழைய எபிசோடை நீக்கலாமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டார், அது ஒண்ணுதானே ஆதாரம்னு. அதனால அது அப்படியே இருக்கும். அதோட குறிப்புல இதைச் சேர்த்திருக்கேன்: பக்கம் 16. ஏ4 தாளை நாலா மடிச்ச அளவு. ஜெராக்ஸ், கறுப்பு வெள்ளை, நடுவுல ரெண்டு பின். சென்னையில 2018-ல ஆசிரியரே போட்டது. 40 காப்பி. விலை 20 ரூபாய். ஆசிரியர் பேர், அவரே கேட்டுக்கிட்டதால, இப்போதைக்கு இல்ல. திருத்தம்: ரெண்டாவது நிமிஷத்துல நான் விரல்னு சொல்றது சாவி.

அந்த 40-ல ஒண்ணு உங்க யார் வீட்டுலயாவது இருந்தா, மெயில் போடுங்க. காலேஜ் நோட்ஸ் மாதிரிதான் இருக்கும்.